கரைக்காரர் வழக்கு

ஜூன் 3, திங்கள்

காலில் கட்டு, கட்டிலில் நான். ஆணி, போல்ட் விற்கும் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இன்று முதல் இதில் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். படுத்துக் கிடக்கிற மனிதன் வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வருகிறது. எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

முதலில் நான் யார் என்று எழுதிவிடுகிறேன். கொம்பையா, வயது ஐம்பத்தொன்று. சிலுவைத்துறை மீன்பிடித் துறைமுகத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், துறைமுகத் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஆறு வருட உறுப்பினர். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் படகு கரியாகிவிடும். வந்தாலும் வண்டி தண்ணீரில் இறங்குமா? அதனால் விசைப்படகுச் சங்கம் ஒரு பழைய படகில் பம்பு மாட்டி, ‘காவல் சம்மனசு’ (காவல் தேவதை) என்று பேர் வைத்து எங்களிடம் ஒப்படைத்தது. ஒன்பது பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சங்கு ஊதினால் போட்டது போட்டபடி ஓடுவோம். இந்த ஜில்லாவில் இப்படி வேறொரு படை இருந்தால் காட்டட்டும்.

விபத்து போன மாதம் நடந்தது. மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையோரம் உரசிக்கொண்டு நிற்கிற சமயம். ஒரு படகின் எஞ்சின் அறையில் தீ. (என் பட்டறையில் வேலை பார்த்த படகு அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) அதை மற்ற படகுகளிடமிருந்து இழுத்து விலக்க வேண்டியிருந்தது. நான் கயிறு கட்டினேன். கயிறு இறுகி, அறுந்து, என் வலது முழங்காலில் அடித்தது. அவ்வளவுதான். ஆனால் கயிறு அடித்தது என்றா மனுவில் எழுதுவது? ‘தீயணைப்புப் பணியின்போது படுகாயம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் உண்மைதானே.

ஜூன் 9, ஞாயிறு

தொபியாஸ் வந்தார். ‘காவல் சம்மனசு’க்கு ஸ்ராங்கு அவர்தான். படகை ஓட்டுகிறவர், படகில் அவர் வைத்ததுதான் சட்டம். பூசை முடிந்து நேராக வந்ததால் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

“என்ன அண்ணாச்சி, காலு என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் நடந்துருவேன்.”

“போன வாரமும் இதத்தான சொன்னிய.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது. சங்கம் படகுக்கு எடுத்திருக்கும் பாலிசி, படகில் வேலை பார்க்கும் கடலோடிகளுக்குத்தான். நான் தீயணைக்கப் போன தன்னார்வலர், கடலோடி அல்ல. ஆகவே நயா பைசா கிடையாது.

“சரிதானவே? நான் எப்ப என்னைக் கடலோடின்னு சொன்னேன்? நான் ஃபயர்மேன்.”

தொபியாஸ் சிரிக்கவில்லை. “உங்களுக்கு மட்டும்னா பரவால்ல அண்ணாச்சி. நாளைக்கு அல்போன்சுக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் இதே பதில்தான வரும்? வீட்டுப் பொம்பளையள்லாம் கேக்க ஆரம்பிச்சிட்டாவ. அடிபட்டா நாதியில்லன்னா எதுக்குப் போறியன்னு. இது தீராம படகு அவுக்க முடியாது போலிருக்கு.”

அவர் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடலோடி அல்ல என்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே. அங்கே ஊருணியைத்தான் கடல் என்று காட்டுவார்கள். சைவ வீடு. மீன் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் குடும்பம். பட்டறை வைக்க இங்கே வந்தபோது ‘கரைக்காரர்’ என்று பட்டப்பேர் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இருபத்திரண்டு வருடமாக வருத்தமில்லை.

ஜூன் 17, திங்கள்

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய் முதல் பாடு மீன் பிடித்துத் திரும்பியிருக்கின்றன. கட்டிலிலிருந்தே எஞ்சின் சத்தத்தை வைத்து எந்தப் படகு என்று சொல்லிவிடுவேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டில் ஒவ்வொரு படகும் ‘காவல் சம்மனசு’க்கு ஒரு கூடை மீன் இறக்கும். அதுபோக, எந்தப் படகின் தீயை அணைத்தோமோ அந்தப் படகும் அடுத்த பாட்டில் ஒரு கூடை இறக்கும். தொபியாஸ் அதைக் கூறு போடுவார். படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் தொட்டதில்லை. சைவம் என்பது ஒரு காரணம், சேவைக்குக் கூலி வாங்குவதில்லை என்பது பெரிய காரணம். ஆறு வருடத்தில் ஒரு வாலைக்கூட நான் வாங்கியதில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

என் மனைவி சொர்ணம் சாயங்காலம் தொபியாஸ் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் மனைவி பெர்பெத்துவிடம் தையல் கற்றுக்கொள்கிறாள். முதல் பாட்டு நாளில்கூட வகுப்பு வைக்கிற அளவுக்குப் பெர்பெத்துவுக்கு அக்கறை. திரும்பி வந்து பசியில்லை என்று எனக்கு மட்டும் ரசம் ஊற்றினாள். வாயில் ஏலக்காய்.

ஜூன் 20, வியாழன்

வக்கீல் ஆக்னஸ் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைதான், திருநெல்வேலியில் தொழில் செய்கிறது. கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “அண்ணாச்சி, நாம கேக்கப் போறது பணம் மட்டும் இல்ல. நீங்க கடலோடின்னு தீர்ப்பு வாங்கணும். அது கெடைச்சா ஒன்பது பேருக்கும் பாதுகாப்பு. கெடைக்கலன்னா யாருக்கும் இல்ல” என்றது.

சட்டம் பார்ப்பது மூன்று விஷயமாம். என் வேலை படகு நடக்க உதவுகிறதா? எனக்கும் படகுக்கும் நிரந்தரத் தொடர்பு உண்டா, இல்லை ஏதோ ஒரு நாள் ஏறி இறங்கிய ஆளா? வேலைக்குப் பதிலாக ஏதாவது பெறுகிறேனா?

“படகுல நீங்க என்ன வேலை பாப்பீங்க?”

“தீய அணைப்போம்.”

“அது தவிர?”

“அது தவிர என்ன இருக்கு?”

ஆக்னஸ் பேனாவை மூடிவிட்டது. பாவம், சின்னப் பிள்ளை, தீயணைப்பைப் பற்றி என்ன தெரியும்.

உள்ளபடி சொன்னால் ஹோஸ் என் கையில் இருப்பதில்லை. படகைத் தொடங்கிவைத்த விழாவில் என்னிடம்தான் கொடுத்தார்கள். வந்திருந்த அதிகாரி நிற்கக் கூடாத இடத்தில் நின்றார், கடலில் விழுந்தார். அதிலிருந்து ஹோஸ் அல்போன்ஸிடம், மற்ற பொறுப்புகள் என்னிடம். நங்கூரம் தூக்குவது, போடுவது. கயிறுகள். படகின் அடியில் ஊறும் தண்ணீரைத் தினமும் காலையில் இறைப்பது. ஞாயிறு மதியம் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது. இதெல்லாம் தீயணைப்பில் சேராது. யாராவது செய்தாக வேண்டுமே என்று செய்வது. வக்கீலிடம் சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பையன் வந்து முழங்காலை மடக்கினான். வலி இல்லை.

ஜூலை 3, புதன்

இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

மதியம் சங்கு ஊதியது. வடக்குப் பக்கம் புகை. சன்னல் வழியாகத் தெரிந்தது.

எட்டுப் பேரில் மூன்று பேர்தான் போனார்களாம். அல்போன்ஸின் மனைவி அவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாள். மூன்று பேரை வைத்துக்கொண்டு பம்பை இயக்க முடியாது. ‘காவல் சம்மனசு’ கட்டிய இடத்திலேயே நின்றது. எரிந்தது புதுப் படகு, கடன் வாங்கிக் கட்டியது. தண்ணீர் மட்டம்வரை எரிந்து தீர்ந்தது. படகுக்காரர் கரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டதாகச் சொர்ணம் சொன்னாள். ஆறு வருடத்தில் நாங்கள் போகாமல் எரிந்த முதல் படகு.

நான் கட்டிலிலிருந்து இறங்கியதில் சிறு தடுமாற்றம். நெற்றியில் கொஞ்சம் காயம். சொர்ணம் பெரிதுபடுத்துகிறாள். எழுந்து போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறாள். சங்கு ஊதினால் ஓட வேண்டும், ஓடினேன். அதில் கேள்வி என்ன?

ஜூலை 24, புதன்

கம்பெனி ஆள் ஒருவர் பழக்கூடையோடு வந்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார். வழக்கு வேண்டாமாம். கருணைத் தொகையாக ஒன்று தருவார்களாம். மதுரையில் முழங்காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய அது போதும். நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளில் ஒரே ஒரு வரி கூடுதல்: ‘நான் கடலோடி அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன்.’

“நீங்களே அப்படித்தான் சொல்றதா கேள்விப்பட்டோம் சார்” என்றார்.

சொல்வேன். நான் சொல்வது வேறு. இன்னொருவன் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டுவது வேறு. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்தேன். கால் வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி முழுக்க வலிக்கிறது.

சொர்ணம் காபி கொண்டுவந்து வைத்தாள். தாளை எடுத்துப் படித்தாள். மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

“இவருக்குக் கருணை வேண்டாங்க. காபியக் குடிங்க, ஆறிரும்.”

வழக்கை நடத்துவதென்று நான் முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இழப்பீட்டு ஆணையர் முன் முதல் விசாரணை. தொபியாஸ், சொர்ணம், நான் மூவரும் காலை பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். வெள்ளை வேட்டி, மீசைக்கு எண்ணெய். மஞ்சள் ஹெல்மெட்டையும் எடுத்துப் போயிருந்தேன். ஆக்னஸ் அதைப் பிடுங்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டது.

கம்பெனி வக்கீல் வெள்ளைத் தலை, தேன் போன்ற குரல். என்னை மரியாதையாகத்தான் கேட்டார்.

“நீங்கள் ஒரு தீயணைப்பு வீரர். சரிதானே?”

“ஆமா. ஆறு வருசமா.”

“படகு ஓட்டுவீர்களா?”

“நான் எதுக்குய்யா ஓட்டணும்? அதுக்கு ஸ்ராங்கு இருக்காரு.”

“மீன் பிடிப்பீர்களா?”

“மீன் வாடையே ஆவாது.”

“தீ எரியும் இடத்துக்குப் படகு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அப்படிச் சொல்லலாமா?”

“கரெக்டா சொன்னிய.”

“இதற்கு ஏதாவது வாங்குகிறீர்களா? சம்பளம், பங்கு?”

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “ஒரு மீன் வாலு வாங்குனதில்ல. சேவைங்கய்யா இது. கூலி இல்ல.”

அவர் ஆணையரிடம் திரும்பினார். “தீயணைப்பு வண்டியில் ஏறிப் போகிறவர் லாரி டிரைவர் ஆகிவிட மாட்டார். வேறு கேள்வி இல்லை.” எனக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

நல்லபடியாகப் பேசினேன் என்றுதான் வெளியே வந்தேன். ஆக்னஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணாச்சி, அவர் கேஸை நீங்களே ஜெயிச்சுக் குடுத்துட்டீங்க.”

ஆகஸ்ட் 21, புதன்

யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? இல்லை. ஆறு வருடம் காசு வாங்காமல் வேலை செய்தவனுக்குச் சட்டத்தில் இடமில்லை, வாங்கியிருந்தால் இடம் உண்டு என்றால், யாருக்குப் புத்தி கெட்டுவிட்டது?

ஆனால் அந்த எட்டுப் பேரின் முகம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. இன்று எவரும் வந்து பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்த நாள். வெடிச்சத்தம். சொர்ணம் தொபியாஸ் வீட்டில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தாள். ஆக்னஸும் அங்கே வந்திருந்ததாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“தையலைப் பத்தித்தான்.”

வக்கீலுக்குத் தையல் எதற்கு?

செப்டம்பர் 17, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது விசாரணை. தொபியாஸ் சாட்சி சொல்ல ஏறினார். ஆக்னஸ் முதல் கேள்வியாக, “கொம்பையா தீயணைக்கும்போது நீங்க பார்த்திருக்கீங்களா?” என்றது.

தொபியாஸ் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆணையரைப் பார்த்தார்.

“அவரா? அவருகிட்ட ஹோஸக் குடுக்கதே இல்லய்யா. மொத நாளே ஒரு ஆபீசரக் கடல்ல தள்ளி விட்டுட்டாரு.”

அறை முழுக்கச் சிரிப்பு. ஆணையர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. இருபத்திரண்டு வருடம் ஒன்றாக டீ குடித்த மனிதன், பைபிளில் கையை வைத்து, என்னைச் சந்தியில் நிறுத்துகிறான். எழுந்து போய்விடலாம் என்றால் ஊன்றுகோல் சொர்ணத்தின் கையில் இருந்தது. அவள் தரவில்லை.

“அப்ப அவர் என்னதான் செய்வார்?”

“நங்கூரம் தூக்குறது அவருதான். கயிறு கட்டுறது, அவுக்குறது அவருதான். எங்க படகு பழசுய்யா, ராத்திரில தண்ணி ஊறும். காலையில பட்டறையத் தொறக்குறதுக்கு முந்தி வந்து எறைச்சு விட்டுட்டுப் போவாரு. மழையானாலும் வருவாரு, காய்ச்சலானாலும் வருவாரு. ஞாயித்துக்கெழம நாங்க சாப்புட்டு ஒறங்கையில அவரு அடியில கெடந்து சிப்பி சொரண்டுவாரு. யாரும் சொன்னதில்ல. அவரா செய்வாரு. செய்யுதேன்னு வெளிய சொல்லவும் மாட்டாரு. அது கொறச்சல்னு ஒரு நெனப்பு அவருக்கு.”

கம்பெனி வக்கீல் எழுந்தார். “கயிறு கட்டினால் ஒருவர் கடலோடி ஆகிவிடுவாரா?”

“வேற எப்படிய்யா ஆவாங்க?” தொபியாஸ் குரல் உயர்ந்தது. “தீ எரியாத நாள்லயும் படகு படகுதான? அது கட்டுன எடத்துல முங்கிப் போச்சுன்னா தீயணைக்க எதுல ஏறிப் போறது? அன்னைக்கு எரிஞ்ச படகுல கயிறு மாட்டுனது இவருதான். அறுந்தது கயிறுய்யா. இவரு போட்ட முடிச்சு அவுறல. ஆசுபத்திரிக்குக் கொண்டு போனப் பொறவு நான் போயிப் பாத்தேன், முடிச்சு அப்படியே இருந்துச்சு. நான் பொறந்ததுல இருந்து கடல்ல கெடக்கேன். எங்க ஆளுவள்ள அப்படி முடிச்சுப் போடத் தெரிஞ்சவன் நாலு பேரு இல்ல. கரைக்காரர்னு கூப்புடுதோம், அது கேலிக்கி. சத்தியமா கேட்டா, அவரு எங்க ஆளு.”

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை மங்கலாகத் தெரிந்தது.

கம்பெனி வக்கீல் விடுகிறவர் இல்லை. “பங்கு வாங்கியதில்லை என்று மனுதாரரே சொல்லிவிட்டார். கூலி இல்லாதவர் எப்படிப் பணியாளர்?”

ஆக்னஸ் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டது. சொர்ணம் எழுந்தாள். ஊன்றுகோலைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“உங்க வீட்டுக்காரர் பங்கு வாங்கினதில்லைன்னு சொல்றாரே?”

“அவரு வாங்கல. நான் வாங்குனேன்.”

“எப்போ?”

“மொத வருசத்துல இருந்து. ஆளுக்கொரு பங்குன்னா அவரு பங்கும் உண்டுல்லா? வேண்டாம்னு சொன்னாலும் தொபியாஸ் அண்ணன் அதத் தனியாத்தான் போடுவாவ. அடுத்தவன் பங்கத் தொட மாட்டாவ அந்த ஊர்ல. கூறு அப்படியே கெடக்கும், நாறும். நான் எடுத்துக்கிட்டேன்.”

“எடுத்து என்ன செஞ்சீங்க?”

“பாதிய ஏலத்துல வித்தேன். வீட்டு பீரோ அப்படி வாங்குனதுதான்.”

“மீதி?”

சொர்ணம் என் பக்கம் திரும்பவே இல்லை. தெளிவாகச் சொன்னாள்.

“மீதியத் தின்னேன்.”

ஆணையர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். வல்லநாடு தாண்டியதும் தொபியாஸ், “கோவமா அண்ணாச்சி?” என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் இருந்தது. அதுமட்டும் இருந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். ‘அவரு எங்க ஆளு’ என்று அந்த மனிதன் சொன்னபோது, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைக் கேட்கத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

“எந்த மீனு நல்லாருக்கும்?”

சொர்ணம் கரண்டியோடு நின்றாள். கேலியா கேள்வியா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“சீலா கொழம்பு வச்சா நல்லாருக்கும். வெளமீன் பொரிச்சா.”

“ம்.”

“நீங்க கேக்கலியே, அதான் சொல்லல.”

“இனி பெர்பெத்து வீட்டுக்கு ஓட வேண்டாம். இங்கயே ஆக்கு. நான் வெளிய உக்காந்துக்கிடுதேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு.

நவம்பர் 26, செவ்வாய்

தீர்ப்பு.

ஆணையர் வாசித்தபோது எனக்குப் பாதி புரிந்தது. பிறகு ஆக்னஸ் வராந்தாவில் நின்று தமிழில் சொன்னது, அதை எழுதுகிறேன். தீயணைப்பதுதான் அந்தப் படகின் தொழில். படகைத் தொழிலுக்குத் தயாராக வைத்திருந்தவர் மனுதாரர். அவர் என்றோ ஒருநாள் ஏறி இறங்கிய பயணி அல்ல, ஆறு வருடம் அந்தப் படகோடு இருந்தவர். தன்னார்வலர் என்று அவர் தன்னை அழைத்துக்கொள்வது அவர் பெருமை. ஆனால் இந்தக் கடற்கரையில் பங்கு என்பதே கூலி, படகில் வேலை பார்க்காதவருக்கு எவரும் பங்கு போடுவதில்லை. அதை யார் தின்றார்கள் என்பது இந்த மன்றத்தின் கவலை அல்ல. மனுதாரர் கடலோடியே. அவரைப் போல அந்தப் படகில் பணிபுரியும் மற்றவர்களும் அவ்வாறே.

மற்றவர்களும். அந்த வார்த்தைக்குத்தான் தொபியாஸ் பெஞ்சைத் தட்டினார், காவலர் அதட்டினார்.

கம்பெனி வக்கீல் வெளியே வந்து என் கையைப் பிடித்தார். மேல்முறையீடு செய்வது பற்றிக் கம்பெனிதான் முடிவு செய்யுமாம். செய்யட்டும். தீர்ப்பு நகலை ஆக்னஸிடமிருந்து வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிற இடத்தைத் தேடிப் பார்த்தேன். பஸ்ஸில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை பார்த்தேன். எனக்குக் கர்வம் அதிகம் என்று சொல்வார்கள். இன்றைக்குச் சொல்லட்டும், எனக்குச் சம்மதம்.

ஜனவரி 22, புதன்

மதுரையிலிருந்து நேற்று திரும்பினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: நடக்கலாம், பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், ஆடுகிற படகில் ஏறக் கூடாது. எப்போது ஏறலாம் என்று கேட்டேன். அவர் சொர்ணத்தைப் பார்த்தார்.

பழைய டைரி முடிந்துவிட்டது. போல்ட் கம்பெனிக்காரன் இந்த வருடம் சின்னதாகக் கொடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

காலை பத்து மணி இருக்கும். பட்டறையில் ஒரு கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. தெற்கே, டீசல் பங்க் பக்கத்தில் கட்டியிருந்த படகில் புகை.

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு துறைக்குப் போனேன். நடந்தேன் என்று எழுத வேண்டும், ஓடியதாகத்தான் ஞாபகம். எனக்கு முன்னால் அல்போன்ஸ் ஓடினான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி ஓடி வந்தாள். மறிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவன் விட்டுவிட்டு வந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தாள். “மாட்டிக்கிட்டுப் போங்க!” என்று கத்தினாள்.

எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். அதற்கு மேலும் ஐந்தாறு பேர். தீர்ப்புக்குப் பிறகு பேர் கொடுத்தவர்கள். வீட்டுப் பெண்கள் துறையில் வரிசையாக நின்றார்கள், ஒருத்தியும் யாரையும் பிடித்து இழுக்கவில்லை. ஜூலையில் வெறிச்சோடிக் கிடந்த அதே இடம்.

தொபியாஸ் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். படகு முன்னே போகாமல் ஓர் இழுப்பு இழுத்து நின்றது. பார்த்தால், ஏறினவன் எல்லாம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நிற்கிறான். புதுசு, பழசு அத்தனை பேரும். நங்கூரம் அடியில் கிடக்கிறது. பின்கயிறு கரையில் உள்ள கட்டையிலேயே இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஏல! ஹோஸு புடிக்க எத்தன பேருலே? தீய எவன் வேணும்னாலும் அணைப்பான்! படக யாருலே பாக்கது? நங்கூரம் தூக்க ஒரு கடலோடி இல்லியா உங்கள்ள?”

தொபியாஸ் ஓட்டுகிற அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“ஒருத்தரு இருந்தாரு அண்ணாச்சி! கரையில நிக்காரு!”

அல்போன்ஸ் ஹோஸைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து நங்கூரக் கயிற்றை இழுத்தான். கையைத் தப்பாக வைத்து இழுத்தான். “காலக் குறுக்க வைக்காதல, இடுப்பக் குடு!” என்று கத்தினேன். அப்படியே செய்தான். நங்கூரம் மேலே வந்தது. கரையில் இருந்த முனையை நான்தான் கட்டையிலிருந்து அவிழ்த்துப் படகுக்கு எறிந்தேன். தொபியாஸ் கையைத் தூக்கிக் காட்டினார்.

படகு போனது. நான் அழுதேன். எல்லாரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, சொர்ணத்துக்கு மட்டும் தெரிந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். புதிதாகச் சேர்ந்தவன் ஒருவனின் அம்மா, அவள் டவுன்காரி, சொர்ணத்திடம் என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டாள்.

“அந்தப் படகுல உள்ளவரு” என்றாள் சொர்ணம்.

கறுப்புப் புகை வெள்ளையாகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, கீலை வைத்து முடிக்கப் பட்டறைக்குத் திரும்பினேன்.